கைதூக்கி வாசல்

தெல்தோட்டைக்கு ஏறுகிற பாதையில் இரத்தினம்மா மூன்றாவது தடவையாக உட்கார்ந்தாள். கண்டியிலிருந்து பாதித் தூரம் மாட்டு வண்டி, மீதித் தூரம் நடை. அவளுக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது. முழங்காலுக்கு மட்டும் எழுபது. பாதையோரம் முழுக்கப் பிடுங்கிப்போட்ட கோப்பி மரங்கள் வேர் மேலே தெரியக் கிடந்தன. மேலேயிருந்து இரண்டு பேர் கோப்பி அடிமரங்களைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பங்களாக்களில் மேசைக்குக் கால் வைக்க இப்போது கோப்பிக் கட்டைதான் நாகரிகமாம். முப்பது நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சோறு போட்ட மரம் கடைசியில் யாரோ ஒரு துரையின் மேசைக்குக் கீழே போய் நிற்கப்போகிறது. அவர்களை நிறுத்தி, நல்லம்மா என்று ஒருத்தி இந்தத் தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டாள். எந்த நல்லம்மா, மூன்று பேர் இருக்கிறார்களே, ஏதாவது அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள். இரத்தினம்மாவுக்குச் சட்டென்று மனதில் வந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான். அதை ஆம்பளைகளிடம் சொல்ல முடியாது. கொஞ்சம் யோசித்து, வண்டிக்காரச் செல்லச்சாமியின் பெண்சாதி என்றாள். அப்படியானால் மேல் லயம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் ஒரு வார்த்தை சொல்வதற்காகத்தான் இந்த மலை ஏறினாள். பதினொரு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. போன மாதம் கண்டிக் கோப்பி ஸ்டோரை இழுத்து மூடி, உனக்கு இனி இங்கே வேலையில்லை என்று சொல்லி அனுப்பிய அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். முழங்காலைச் சாக்கு வைத்து ஒரு மாதம் கடத்திவிட்டாள்.

அந்த ஸ்டோர் கண்டி ரயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்தது. தோட்டங்களிலிருந்து உமியோடு வருகிற கோப்பிக் கொட்டையை அங்கே களத்தில் காயவைத்து, மில்லில் போட்டு உமியை நீக்கி, நீள மேசைகளில் கொட்டி, சொத்தை, கறுப்பு, உடைசல் எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளி, நல்லதை மூட்டை தைத்துக் கொழும்புக்கு ரயிலேற்றுவார்கள். பொறுக்குகிற வேலைக்கு நூற்றிருபது பெண்கள். வேலை முடிந்து சாயங்கால மணி அடித்ததும் ஒவ்வொருத்தியாக வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கொண்டையில் பத்துக் கொட்டை, மடியில் ஒரு பிடி என்று கடத்துகிற கெட்டிக்காரிகள் இருந்தார்கள். கக்கத்தில் ஒரு முடிச்சை இடுக்கிக்கொண்டு, கையே பிறவியில் அப்படித்தான் என்பதுபோல நடந்து போனவளும் உண்டு. அதனால் சோதனை. ஒரு கொட்டை என்ன, உமிகூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது துரையின் உத்தரவு. ஊரில் அந்த வாசலுக்குக் கைதூக்கி வாசல் என்றே பெயர் விழுந்துவிட்டது.

முதலில் சோதனை பார்த்தவர் காவல்காரர் முஹைதீன் நானா. ஆம்பளைகளிடம் அவர் புலி. பெண்கள் வரிசை வந்ததும், பாவம், அவரே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் என்ன நடக்கும்? ஒருநாள் பெரிய ரகளையாகி, பெண்களுக்குப் பெண்ணையே போடுங்கள் என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூட்டை தைக்கிறவனாக அங்கே இருந்து பேதியில் போய்விட்ட இராமையாவின் பெண்சாதி இரத்தினம்மா அப்படித்தான் அந்த வேலைக்கு வந்தாள். கேட்டு வாங்கின ஆள் என்பதற்காக யாரும் அவளைக் கொண்டாடவில்லை. மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாத பெண்கள் வாசலுக்கு ஐந்து அடி இருக்கும்போதே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவளுக்குக் கக்கத்துக்காரி என்று பட்டம். சந்தையில் எதிர்ப்பட்டால்கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விலகிப் போவார்கள். இரத்தினம்மாவும் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்ப்பதில்லை. கொண்டை, கக்கம், மடி, அடுத்த ஆள். முகத்தைப் பார்த்தால் கை கூசும், கை கூசினால் வேலை நடக்காது. இப்படியே மூன்று வருஷம் ஓடியது. அந்த மூன்று வருஷமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வைத்த பிறகு, இன்றைக்கு நான் யாரோடாவது பேசினேனா என்று யோசித்துப் பார்ப்பாள். பேசியிருக்க மாட்டாள்.

நல்லம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம், கக்கத்தில் கை வைத்ததும் இரத்தினம்மாவின் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. நாள் முழுக்கத் தகரக் கொட்டகைக்குள் இருந்தால் எல்லாருக்கும்தான் வேர்க்கும். இது அந்த வேர்வை இல்லை. கிணற்றில் முக்கிப் பிழியாமல் போட்டுக்கொண்டு வந்த துணி மாதிரி ரவிக்கை இரண்டு பக்கமும் சொட்டியது. கையை எடுத்து எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள். அப்போது மேலே தூக்கியிருந்த ஒரு கை மெதுவாக இறங்கித் தன் முந்தானையை அவள் பக்கம் நீட்டியது.

"அக்கா, இதுல தொடச்சிக்கங்க."

மூன்று வருஷத்தில் அந்த வாசலில் அவளைப் பார்த்து ஒருத்தி பேசிய முதல் பேச்சு அது. இரத்தினம்மா தன் வழக்கத்தை மறந்து முகத்தைப் பார்த்துவிட்டாள். இருபது வயசு இருக்கும். வெட்கத்தில் கண்ணெல்லாம் கலங்கிப் போயிருந்தது. வேண்டாம் போ என்று சொல்லிவிட்டுத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு உலை வைத்த பிறகு அவளுக்கு யோசிக்க ஒன்று இருந்தது.

தோட்டத்தில் இருந்த வரைக்கும் நல்லம்மாவுக்கு இப்படி ஒரு வியாதி தனக்கு இருப்பதே தெரியாது. தெல்தோட்டைக்காரி. கோப்பிப் பழம் பறித்த காலத்தில் ரவிக்கை ஏது? சேலையைச் சுற்றித் தோளில் முடிந்தால் தீர்ந்தது. வேர்வை மழையோடு போகும், பனியோடு போகும், காற்றில் காயும். வண்டிக்காரச் செல்லச்சாமியைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து ஸ்டோரில் சேர்ந்தபோதுதான், பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் ரவிக்கை போட்டே ஆக வேண்டும் என்றார்கள். பெரிய துரைசாணி ஒருநாள் ஸ்டோரைப் பார்க்க வந்து முகம் சுளித்ததிலிருந்து வந்த சட்டம் அது. ரவிக்கை வந்தது, கூடவே வியாதியும் வந்தது. காலையில் மேசைக்கு உட்கார்ந்து அரை மணியில் இரண்டு கக்கத்திலும் தாமரை இலை அகலத்துக்குக் கறுத்துவிடும். கையை நீட்டிக் கொட்டையை இழுக்கும்போது முழங்கை வழியாக இறங்கி மேசையில் சொட்டும். அதுதான் ஆபத்து. உமி நீக்கிய கோப்பிக்கு ஒரு நீலப்பச்சை நிறம் உண்டு. லண்டனில் அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு. ஈரம் பட்டால் வெளுத்துப்போகும். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். கிளாக்கர், தீபாவளி வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் இந்த ஒழுக்கு நிற்கவில்லை என்றால் பேர் வெட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ரயில் வந்து செல்லச்சாமியின் வண்டியை ஏற்கனவே பாதி முடக்கியிருந்தது. வீட்டில் அடுப்பு எரிவது நல்லம்மாவின் மேசையால்தான்.

இதையெல்லாம் நல்லம்மா வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தச் சின்ன நேரத்தில், நாளுக்கு ஒரு துண்டாகச் சொன்னாள். இரத்தினம்மாவும் வேண்டுமென்றே அவள் மடியை இரண்டு தடவை தட்டிப் பார்த்து நேரத்தை நீட்டினாள். பின்னால் நிற்பவர்கள், அவகிட்ட என்னத்த அவ்வளவு தேடுறா என்று முணுமுணுப்பார்கள். ஒரு வாரத்தில் வாசலுக்கு வெளியே காத்திருந்து இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போகிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வேர்வையை நிறுத்துவதைத் தன் சொந்த வேலையாக இரத்தினம்மா எடுத்துக்கொண்டாள். முதலில் எலுமிச்சம்பழம். பாதியாக வெட்டிக் கக்கத்தில் தேய்த்துக் காயவிட்டால் நாற்றமும் போகும், ஒழுக்கும் குறையும் என்று யாரோ சொன்னார்கள். ஈர ரவிக்கை உரசிப் புண்ணான இடத்தில் பட்டு நல்லம்மா குதித்த குதி இருக்கிறதே, இரத்தினம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அடுத்தது சவரக்கடை அழகையாவிடம் வாங்கிய படிகாரக் கட்டி. தண்ணீரில் நனைத்துத் தடவினால் மத்தியானம் வரைக்கும் நன்றாகக் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் அரிப்பு. ரவிக்கை கஞ்சி போட்டது மாதிரி விறைத்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. பிறகு கடுக்காய்த் தூள், பிறகு சந்தனம், பிறகு வறுத்த தவிட்டைத் துணியில் கட்டி ஒத்தடம். இங்கிலீஷ் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஒருவரிடமும் போய் நின்றார்கள். அவர் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், காய்ச்சல் இல்லை, இது வியாதியே இல்லை, வேர்க்காவிட்டால்தான் என்னிடம் வர வேண்டும் என்று சொல்லி ஏதோ வெள்ளைப் பொடியைக் கொடுத்தார். அந்தப் பொடி நன்றாக மணந்தது. வேறு ஒன்றும் செய்யவில்லை.

தெல்தெனியாவில் ஒரு சிங்கள வைத்தியர், வெதமாத்தயா, இருக்கிறார், அவர் கை பட்டால் எல்லாம் நிற்கும் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியவே கிளம்பினார்கள். மகாவலியைத் தோணியில் கடந்து, பாக்குத் தோப்புகள் வழியாக நடந்து, வயல் வரப்பில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்று போனார்கள். வழியில் ஒரு தோட்டத்துச் சரிவு முழுவதும் கோப்பி பூத்திருந்தது. மலை முழுக்க வெள்ளை. மல்லிகை மணம் மாதிரி, அதைவிடக் கொஞ்சம் கனம். நல்லம்மா ஒரு கொத்தை ஒடித்து இரத்தினம்மாவின் கொண்டையில் செருகினாள். கட்டியவன் செத்தவளுக்குப் பூவா என்று அவள் எடுக்கப் போனபோது, இது பூவில்லக்கா, கோப்பி என்று கையைத் தட்டிவிட்டாள். இரத்தினம்மா தெல்தெனியா வரைக்கும் அதை எடுக்கவில்லை. வெதமாத்தயா வெனிவெல் கொடியை இடித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னார். மிளகு ஆகாது, கருவாடு ஆகாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோப்பி ஆகவே ஆகாது என்றார். கோப்பி குடிக்கத்தான் கூடாதா, பொறுக்கவும் கூடாதா என்று நல்லம்மா ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது பாக்கு வண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, நல்லம்மா கையை விரித்துக் காற்றுப் படப் போட்டபடி ஏதோ தோட்டத்துப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள். கஷாயம் ஒரு மண்ணும் செய்யவில்லை. ஆனாலும் தன் ஆயுசில் எந்த நாளைத் திரும்பக் கேட்பாய் என்று சாமி வந்து கேட்டால் இரத்தினம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்பாள். கல்யாணத்து நாளைக்கூடக் கேட்க மாட்டாள்.

கடைசியில் வழி காட்டியது மருந்துச் சாமான் கடை சாஹுல் ஹமீது நானா. தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. பத்து வகை வேரையும் பொடியையும் மோந்து பார்த்துக்கொண்டு நின்ற இரத்தினம்மாவிடம் அவர், ஊற்றை அடைக்கப் பார்க்காதே, அடைத்தால் வேறே பக்கம் வெடிக்கும், வருகிறதை வாங்கிக்கொள்ள ஏதாவது வை என்றார். வெட்டிவேர் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள எதை வைப்பது? பஞ்சு நனைந்தால் கட்டியாகிவிடும். வீட்டில் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் மில்லுக்குப் பின்னால் பார்த்தாள். கோப்பி உமி மலையாகக் குவிந்து கிடந்தது. காகிதத்தைவிட மெலிசு, எவ்வளவு ஈரத்தையும் குடிக்கும், நொடியில் காயும். கொதிகலன் அடுப்பில் போட்டு எரிக்கிற குப்பைதான். ஆனாலும் வாசலைத் தாண்டக் கூடாத குப்பை. அன்று சாயங்காலம் நூற்றிருபது பேரையும் சோதித்து அனுப்பிவிட்டு, இரத்தினம்மா தன் மடியில் இரண்டு பிடி உமியோடு வெளியே நடந்தாள். சோதிக்கிறவளைச் சோதிக்க அந்த வாசலில் ஆளில்லை.

பழைய மல் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஜோடிப் பை தைத்தாள். உமி, அதோடு துண்டு துண்டாக நறுக்கிய வெட்டிவேர், ஒரு சிட்டிகை படிகாரத் தூள். ரவிக்கைக்கு உள்ளே கக்கத்தில் கட்டிக்கொள்ள நாடா. கேட்டது. அப்படிக் கேட்டது. மத்தியானம் வரை ரவிக்கையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நல்லம்மா மறைவாகப் போய் மற்ற ஜோடியை மாற்றிக்கொள்வாள். தீபாவளிக்கு முந்தின நாள் கிளாக்கர் வந்து மேசையைக் குனிந்து பார்த்துவிட்டு, பேரை வெட்டாமலே போனார். தள்ளி உட்கார்ந்தவர்கள் கிட்டே வந்தார்கள். நல்லம்மாவுக்குப் பாடத் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் ஸ்டோருக்கே தெரிந்தது. அவள் ஒரு அடி எடுத்துக் கொடுக்க மேசை முழுக்கச் சேர்ந்து பாடும். இரத்தினம்மா வாசலில் தன் முக்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பத்து நாளைக்கு ஒருமுறை உமி மாற்ற வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை இரத்தினம்மாவின் மடியில் இரண்டு பிடி வெளியே போகும். சாயங்காலம் நல்லம்மா கையைத் தூக்கும்போது ரவிக்கைக்கு மேலே அந்தப் பை விரலில் தட்டுப்படும். அதை இரத்தினம்மா லேசாக அழுத்திவிட்டு அனுப்புவாள். இது எட்டு மாதம் நடந்தது.

அப்புறம் பெரிய கிளாக்கராக இராமகிருஷ்ணன் என்பவர் வந்தார். வண்டிக்கு வண்டி எடை குறைகிறது என்று கொழும்பிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்த சமயம். வாசல் சோதனையிலேயே ஏதோ ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஒருநாள் சாயங்கால மணி அடித்ததும் இரத்தினம்மாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். வேறே ஸ்டோரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் வாசலில் போய் நின்றாள். அவளும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, தொழில் தெரிந்தவள். நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஆளாக நல்லம்மா வந்தாள். வாசலில் புது ஆளைக் கண்டதும் ஒரு வினாடி தயங்கி, பிறகு கையைத் தூக்கினாள். அந்தப் பெண் பைகளைத் தடவிப் பார்த்தாள், நாடாவை அறுத்து வெளியே எடுத்தாள். இராமகிருஷ்ணன் பேனாக்கத்தியால் தையலைக் கீறிக் காகிதத்தில் கொட்டினார். உமி. வெட்டிவேர். உமிக்குள்ளே, இரத்தினம்மா அவசரத்தில் சரியாகப் புடைக்காமல் விட்டதால், மூன்று கோப்பிக் கொட்டை.

முற்றத்தில் மூட்டைக்காரர்கள், வண்டிக்காரர்கள், மில் ஆட்கள், எல்லாரும் நின்றார்கள். இது என்ன, எதற்கு வைத்திருக்கிறாய் என்று இராமகிருஷ்ணன் கேட்டார். இத்தனை ஆம்பளைகள் முன்னால் அதற்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்? சொல்லக்கூடிய வேறொருத்தி கிளாக்கருக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஐயா, இவளுக்கு வேர்க்கும், அதற்கு மருந்தாக நான் தைத்துக் கொடுத்தது, கொட்டை தெரியாமல் விழுந்தது. இவ்வளவுதான், ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் தன் வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. உமியை வெளியே கொண்டுபோனது யார் என்பது அடுத்த கேள்வி. இராமையா இல்லாத வீடு, வேறு வேலைக்கு எடுக்க யாரும் இல்லாத கக்கத்துக்காரி. அவள் தரையைப் பார்த்தாள். தரையில் உமித் துணுக்குகள் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தன. யார் கொடுத்தது என்று இராமகிருஷ்ணன் கேட்பது காதில் விழுந்தது.

"நானேதான் எடுத்தேங்க" என்றது நல்லம்மாவின் குரல்.

போலீசுக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கே அவள் பேரை வெட்டினார்கள். இத்தனை நாள் பையைக் கண்டுபிடிக்காத இரத்தினம்மாவுக்கு வெறும் எச்சரிக்கைதான். நல்லம்மா வாசலைத் தாண்டிப் போகிற காலடிச் சத்தம் கேட்கிற வரைக்கும் இரத்தினம்மா நிமிரவில்லை. இரண்டு நாள் கழித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. புருஷனும் பெண்சாதியும் தெல்தோட்டைக்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி விழுந்தது. தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. வருஷத்துக்கு வருஷம் மூட்டை குறைந்தது. நூற்றிருபது பேர் எழுபதானார்கள், முப்பதானார்கள், கடைசியில் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரையும் இரத்தினம்மா கொண்டை, கக்கம், மடி என்று ஒழுங்காகச் சோதித்து அனுப்பினாள். எல்லாம் காய்ந்த கக்கங்கள். அவள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள். காப்பாற்றிக்கொண்டதற்கு அவளிடம் மிஞ்சியது அதுதான்.

மேல் லயத்தில் நல்லம்மா அடையாளம் தெரியாமல் தடித்திருந்தாள். கூப்பிடும் முன்னமே, அக்கா என்று எழுந்து வந்தாள். பதினொரு வருஷமும் நேற்றுத்தான் என்பது மாதிரி உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். கோப்பி தரலாம் என்றால் இந்த மலையில் கோப்பி எங்கே இருக்கிறது, தேத்தண்ணிதான், அதைக் குடித்துப் பழகுங்கள் என்று சிரித்துக்கொண்டே கறுப்பாக ஒரு கோப்பை கொண்டுவந்தாள். செல்லச்சாமி புதுத் தோட்டத்தில் தேயிலைக்குக் குழி வெட்டப் போயிருந்தான். மூன்று பிள்ளைகள் என்று சொன்னாள். அந்த வெதமாத்தயா இருக்கிறாரா, சாஹுல் ஹமீது நானா இருக்கிறாரா, அழகையாவின் படிகாரக் கட்டி தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எலுமிச்சம்பழத்தில் குதித்ததை அவளே சொல்லிச் சிரித்தாள். இரத்தினம்மாவும் சிரித்தாள். ஏறி வந்த பாதை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையை, தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சொன்னாள்.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும் புள்ள. எம் பேரச் சொல்லியிருக்கணும்."

நல்லம்மா எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பிடுங்கிய கோப்பி மரங்களைக் குவித்து நெருப்பு வைத்திருந்தார்கள்.

"சொன்னா உங்க வேலையும் போயிருக்கும். அது எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "ஒருதரம் என்னைய நிமிந்து பாத்திருக்கலாம். நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்த இரத்தினம்மா அதைச் சொல்லவே மறந்து போனாள். வெயில் இறங்கிவிட்டது. தெல்தோட்டைக் காற்று நேராக எலும்புக்குள் போகிற காற்று. இரத்தினம்மாவின் விரல்கள் கோப்பையைப் பிடிக்க முடியாமல் மரத்துப்போய் மடங்கிக்கொண்டன. கொஞ்ச காலமாகவே குளிர் பட்டால் அப்படித்தான். தேத்தண்ணி சேலையில் சிந்தியது. நல்லம்மா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். அந்த விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். சூடு ஏறவில்லை.

அவள் ரவிக்கை போட்டிருக்கவில்லை. சேலையைச் சுற்றித் தோளில் முடிந்திருந்தாள். இரத்தினம்மாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்து, பிள்ளைகளுக்குச் செய்கிறது மாதிரி, தன் கையை இறக்கி இறுக்கிக்கொண்டாள். அங்கே இன்னும் அப்படியேதான் இருந்தது. சுடச்சுட, நனைந்து, விரல்களுக்கு நடுவிலெல்லாம் இறங்கியது. இரத்தினம்மா கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பி மரங்கள் ஈர விறகாக இருந்தன. சரியாக எரியாமல், புகை மட்டும் சரிவு முழுக்க வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது.